கணு, கக்கம், கழுத்து: மருந்து எந்த இடத்துக்குப் போக வேண்டும்?

‘காண்டாமிருக வண்டைக் கட்டுப்படுத்த, வேப்பங்கொட்டைத் தூளை மணலுடன் கலந்து இலைக்கோணத்தில் இட வேண்டும்.’ தென்னை பற்றிய துண்டுப் பிரசுரங்களில் இந்த மாதிரி வரியைப் பார்க்காதவர்கள் குறைவு. மருந்தும் சரி, முறையும் சரி. ஆனால் இலைக்கோணம் என்பது எந்த இடம் என்று கேட்டால் தோப்புக்காரர்கள் பலரும் சற்றுத் தயங்குவார்கள். ஓலையில் ஈர்க்குப் பிரிகிற இடம் என்று ஒருவர் நினைப்பார். இன்னொருவர் மரம் ஏறுபவரிடம் பொட்டலத்தைக் கொடுத்து, ‘மட்டையில போட்டுட்டு வாங்கண்ணே’ என்று அனுப்பிவிடுவார். அவரும் கைக்கு எட்டிய அடி மட்டைகளில் தூவிவிட்டு இறங்குவார். செலவு நோட்டில் மருந்துக் கணக்கு ஏறிவிடும். வண்டு மட்டும் குருத்துக்குள் பத்திரமாக இருக்கும்.

‘குருத்தை ஒட்டிய மூன்று மட்டைகளின் இடுக்கில்’ என்று எழுதியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. செடியிலும் மாட்டிலும் ஓர் உறுப்பு இன்னோர் உறுப்போடு சேரும் இடங்களுக்கு நம்மிடம் பழகிய பெயர்கள் இருக்கின்றன. அவற்றைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் பாதி நோயை வயலிலேயே அடையாளம் காணலாம். மருந்தும் வீணாகாது.

உடம்பின் பெயரே செடிக்கும்

இலைக்கோணம் என்ற சொல் கணக்குப் பாடத்திலிருந்து வந்தது போல இருக்கிறது. இலங்கைத் தமிழ்ப் பாடப்புத்தகங்களில் அதே இடத்துக்குக் கக்கம் என்று பெயர். அங்கே தோன்றும் மொட்டு கக்க அரும்பு. கக்கம் என்றால் அக்குள். கமுக்கட்டு, கம்புக்கூடு என்றும் ஊருக்கு ஊர் சொல்வார்கள். கையைச் சற்றே விலக்கிப் பிடித்தால் விலாவுக்கும் கைக்கும் இடையில் விழுகிற பள்ளம் அது. தண்டை உடம்பாகவும் இலையைக் கையாகவும் நினைத்துப் பாருங்கள், இடம் உடனே புரிந்துவிடும். தாவரவியலார் உலகமெங்கும் பயன்படுத்தும் லத்தீன் சொல்லான ‘ஆக்ஸில்லா’வுக்கும் அக்குள் என்றுதான் பொருள். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1751-ல் வெளியிட்ட தாவரவியல் நூலில் செடியின் உறுப்புப் பெயர்களை ஒழுங்குபடுத்தினார். அந்த மரபில் மனித உடம்பின் பெயர்கள் தாராளமாகச் செடிக்கு வந்தன.

நம் ஊர்களில் இதற்கு லத்தீன் தேவைப்படவில்லை. கரும்புக்குக் கணு, காலுக்குக் கணுக்கால். பூவுக்குக் காம்பு, பசுவின் மடிக்கும் காம்பு. நெற்கதிர் வெளிவருவதற்கு முந்தைய பருவம் தொண்டைக்கதிர். கிளை இரண்டாகப் பிரியும் இடம் கவட்டை. இரு தொடைகளும் சேரும் இடமும் கவட்டைதான். மூட்டு மூட்டாகக் கால் உள்ள பூச்சி, சிலந்தி, நண்டு வகைகளுக்கெல்லாம் பாடப்புத்தகம் கணுக்காலி என்று பெயர் வைத்ததும் இந்த வழியில்தான்.

கக்கத்தைக் கண்டுபிடிக்க ஓர் எளிய விதி உண்டு. இலை தண்டோடு சேரும் இடத்தின் மேல்பக்கத்தில் மொட்டு இருக்கும். மொட்டு இருந்தால் அது கக்கம். முருங்கை, புளி, வேம்பு போன்றவற்றில் சின்னச் சின்ன இலைகள் வரிசையாக இருக்கின்றனவே, அவற்றின் அடியில் மொட்டைத் தேடினால் கிடைக்காது. அவை ஒவ்வொன்றும் தனி இலை அல்ல, ஒரே இலையின் துண்டுகள். முழு இலையும் கிளையோடு சேரும் இடத்தில்தான் மொட்டு இருக்கும். தென்னையும் அப்படியே. மட்டையும் கீற்றுகளும் சேர்ந்து ஒரே இலை. ஆகவே ஈர்க்குப் பிரியும் இடம் கக்கம் ஆகாது. மட்டையின் அடி மரத்தைத் தழுவி நிற்கும் இடுக்கே தென்னையின் கக்கம். காய்ப்புக்கு வந்த மரத்தில் அந்த ஒவ்வோர் இடுக்கிலிருந்தும் ஒரு பாளை புறப்படும். பச்சை மட்டையைக் கீற்றுக்காக வெட்டுகிறவர்கள் குலையைத் தாங்கும் கையை வெட்டுகிறார்கள்.

வண்டு நுழையும் வாசல்

காண்டாமிருக வண்டு இந்த இடுக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது. விரியாத குருத்தைக் குடைந்து சாற்றைக் குடித்துவிட்டுச் சக்கையை வெளியே தள்ளும். பிறகு அந்த ஓலை விரியும்போது கத்தரிக்கோலால் விசிறி போல வெட்டியது மாதிரி தெரியும். வெட்டு கண்ணில் படும்போது வேலை முடிந்திருக்கும். அந்தக் காயத்தின் வாசத்துக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிட்டால் மரமே போய்விடலாம். குருத்தழுகல் பூஞ்சாணமும் ஈரம் தங்கும் இந்த உச்சிப் பகுதியில்தான் தொடங்குகிறது.

வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு என்று கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம், குருத்தைச் சுற்றி உள்ள மூன்று உள்மட்டைகளின் இடுக்கில் இட வேண்டும். நான்காவது, ஐந்தாவது மட்டைக்குப் போனால் பயன் குறையும். காய்ந்து தொங்கும் அடி மட்டையில் போட்டால் மண்ணுக்கு உரம் போட்டது மாதிரிதான். இளங்கன்றுகளில் 3 அல்லது 4 அந்துருண்டைகளை இடுக்கில் வைத்து மேலே மணலைப் போட்டு மூடலாம். 45 நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மணல் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. மருந்து காற்றில் பறக்காமல் தங்குவதற்கும், வண்டின் உடம்பு மூட்டுகளில் மணல் உறுத்தி அதன் நடமாட்டத்தைத் தடுப்பதற்கும்தான்.

ஒரு காலத்தில் இதே இடுக்கில் போரேட் குருணையைப் பொட்டலமாகக் கட்டி வைக்கச் சொன்னார்கள். அது 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய பிரசுரம் வீட்டில் இருந்தால் அந்த வரியை அடித்துவிடுவது நல்லது. எங்கேனும் மிச்சம் கிடந்தாலும் இடக் கூடாது.

எருக்குழியைக் கவனிக்காமல் மரத்தில் மட்டும் மருந்து வைத்துக்கொண்டிருப்பதும் பாதி வேலைதான். இந்த வண்டின் புழு வளர்வது எருவிலும் மட்கிய தென்னை மரத்துண்டிலும். எருவைக் கிளறும்போது வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் பருத்த புழுக்களைப் பொறுக்கி அழித்துவிட வேண்டும்.

பூச்சிகளுக்கு இடுக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது? நிழல், ஈரம், மெல்லிய தோல், காற்றும் மழையும் படாத மறைவு. மாட்டின் மேல் உண்ணி எங்கே இருக்கும் என்று பால் கறப்பவர்களுக்குத் தெரியும். காதின் உட்பக்கம், வால் அடி, மடிக்கும் தொடைக்கும் நடுவில், முன்னங்கால் கக்கம். முதுகில் மருந்து தெளித்துவிட்டு உண்ணி போகவில்லை என்று சொல்வதும், இலையின் மேல்பக்கம் மட்டும் தெளித்துவிட்டு மாவுப்பூச்சி போகவில்லை என்று சொல்வதும் ஒரே கதை. மாவுப்பூச்சி கக்கத்திலும் கிளைக் கவட்டையிலும் காம்பு ஒட்டிய இடத்திலும் அப்பியிருக்கும். வாழையில் முடிக்கொத்து நோயைப் பரப்பும் அசுவினியும் மட்டைகளின் அடியிலும் குருத்தைச் சுற்றியும் கூட்டமாக இருக்கும். தெளிப்பான் மூக்கை அந்த இடங்களுக்குத் திருப்பாவிட்டால் டேங்க் டேங்காகத் தெளித்தும் பலன் இருக்காது.

கணு ஒரு நாட்குறிப்பு

கரும்பின் கணுவில் ஒரு பரு, அதைச் சுற்றி வேர் முளைக்கும் புள்ளிகள் கொண்ட வளையம், சோகை ஒட்டியிருந்த தழும்பு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. அதனால்தான் கரணையை நட்டால் வேரும் முளையும் அங்கிருந்தே வருகின்றன. இரண்டு கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதியை நட்டால் எதுவும் முளைக்காது. கரணை வெட்டும்போது கணுவை ஒட்டி வெட்டக் கூடாது, இருபுறமும் தண்டு சற்று மிச்சம் இருக்க வேண்டும். வெட்டு வாய் வழியாக உள்ளே போகும் அழுகல் பருவை எட்டக் கொஞ்சம் நாளாகும். அதற்குள் முளை தன் காலில் நின்றுவிடும். பருக்கள் மேலும் கீழுமாக இல்லாமல் பக்கவாட்டில் இருக்கும்படி சாலில் வைக்க வேண்டும். ஏக்கருக்கு 30,000 இருபருக் கரணைகள் என்பது பரிந்துரை. பருக்கள் நசுங்கியிருந்தால் அந்த எண்ணிக்கைக்கு அர்த்தமில்லை.

வெட்டிய கரும்பைக் கையில் எடுத்துக் கணுக்களின் இடைவெளியைப் பாருங்கள். தண்ணீர் கிடைத்த மாதங்களில் நீளமாகவும், வாய்க்கால் வறண்ட மாதங்களில் குறுகலாகவும் இருக்கும். அந்த ஆண்டின் பாசனக் கணக்கை நோட்டில் எழுதாதவர்களுக்குக் கரும்பே எழுதி வைத்திருக்கிறது. மரவள்ளியில் நுனிக் கணுக்கள் திடீரென்று நெருங்கி, இலைகள் கொத்தாகச் சுருண்டிருந்தால் அது வறட்சி அல்ல, மாவுப்பூச்சியாக இருக்கலாம். கொத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும்.

இடைக்கணுப் புழு கரும்பில் எங்கே துளைக்கிறது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. 5-ஆம் மாதமும் 7-ஆம் மாதமும் சோகை உரிப்பது இதற்கு நல்ல தடுப்பு. முட்டை ஒட்டுண்ணியான டிரைக்கோகிரம்மா அட்டையை ஏக்கருக்கு 1 சி.சி. வீதம், 4-ஆம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒரு முறை, 6 முறை கட்ட வேண்டும். அட்டை கட்டிய வயலில் அந்த வாரமே பூச்சிமருந்து அடித்தால் ஒட்டுண்ணிதான் முதலில் சாகும்.

நெல்லின் காதும் கழுத்தும்

நாற்றங்காலிலும் நேரடி விதைப்பு வயலிலும் குதிரைவாலிப் புல்லையும் நெல்லையும் பிரித்தறிவது பழகிய கைக்கே சிரமம். களை எடுக்க வந்த இளையவர்கள் நெல்லைப் பிடுங்கிவிட்டுப் புல்லை விட்டுவிடுவதும் நடக்கும். இலையின் அகலத்தையும் நிறத்தையும் பார்த்தால் ஏமாந்துபோவோம். இலைத்தாள் தண்டைச் சுற்றிய உறையோடு சேரும் இடத்தை மெல்ல மடக்கிப் பாருங்கள். நெல்லில் அங்கே வெள்ளையாக, நுனி இரண்டாகப் பிளந்த ஒரு சவ்வு நிற்கும். அது நாக்கு. இருபுறமும் மயிர் முளைத்த சிறு கொக்கி போன்ற காதுகள் இருக்கும். குதிரைவாலிப் புல்லில் நாக்கும் இல்லை, காதும் இல்லை; அந்த இடம் மொழுக்கென்று இருக்கும். புத்தகத்தில் உள்ள லத்தீன் பெயர்களுக்கும் சிறு நாக்கு, சிறு காது என்றுதான் பொருள். முற்றிய அடி இலைகளில் காது உதிர்ந்துபோயிருக்கும். அதனால் மேல் இலைகளில் பார்க்க வேண்டும். காட்டு நெல்லை மட்டும் இப்படிப் பிரிக்க முடியாது. அதுவும் நெல்லின் உறவு, நாக்கும் காதும் அதற்கும் உண்டு.

கழுத்து என்பது கதிரின் அடியில் உள்ள கடைசிக் கணு. குலைநோய் இலையில் வந்தால் கண் வடிவப் புள்ளியாகத் தெரியும். அதிலிருந்து பயிர் தேறிவிடவும் கூடும். அதே பூஞ்சாணம் கழுத்தைப் பிடித்தால் கதை வேறு. கழுத்தைச் சுற்றிக் கருப்பும் பழுப்புமாக வளையம் விழும். கதிருக்குச் சாறு போகும் ஒரே வழி அதுதான். பால் பிடிக்கும் முன்பே அடைபட்டால் கதிர் முழுக்கப் பதர். பிறகு பிடித்தால் அரைகுறை மணியோடு கழுத்து ஒடிந்து தொங்கும்.

இங்கேதான் பலர் பணத்தை விடுகிறார்கள். வயலில் வெள்ளைக் கதிர் தெரிந்தவுடன் தண்டுத்துளைப்பான் என்று முடிவு செய்து கடைக்காரர் கொடுக்கும் பூச்சிமருந்தை வாங்கி அடித்துவிடுகிறார்கள். வெளுத்த கதிர் ஒன்றைப் பிடித்து மெதுவாக மேலே இழுத்துப் பாருங்கள். உருவிக்கொண்டு கையோடு வந்து, அடியில் புழு கடித்த அடையாளம் இருந்தால் அது தண்டுத்துளைப்பான். உருவி வராமல், கழுத்தில் கருத்த வளையம் இருந்தால் அது கழுத்துக் குலைநோய். பூஞ்சாணத்துக்குப் பூச்சிமருந்து அடித்தால் பூச்சியைத் தின்னும் சிலந்திகள்தான் சாகும். பத்துக் கதிரை இப்படி இழுத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

கழுத்து கருத்த பிறகு எந்த மருந்தும் அந்தக் கதிரைத் திருப்பித் தராது. இலையில் குலைநோய் பார்த்த வயலில், பனியும் தூறலுமாக இருந்தால், தொண்டைக்கதிர்ப் பருவத்தின் கடைசியிலும் கதிர் வெளிவரும்போதும் பூஞ்சாணக்கொல்லி தெளிக்க வேண்டும். அந்தப் பருவத்தில் எதைப் பரிந்துரைக்கிறார்கள் என்பதை வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு வாங்குவது நல்லது. அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது, கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைப்பதும், ‘கருகருவென்று இருக்கிறது’ என்று பக்கத்து வயல்காரர் பாராட்டும் அளவுக்கு யூரியா போடாமல் இருப்பதும்.

காற்றில் சாய்ந்த நெல் சில நாளில் தலை தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் கணுவின் வேலைதான். கணுவை ஒட்டிய தடித்த பகுதியில் கீழ்ப்பக்கம் மட்டும் நீண்டு வளர்ந்து, முழங்காலை ஊன்றி எழுவது போலத் தண்டை நிமிர்த்துகிறது. முற்றிய தண்டுக்கு அந்தச் சக்தி இல்லை. அறுவடைக்கு முந்தைய வாரங்களில் சாய்ந்தால் நான்கு குத்துகளைச் சேர்த்துக் கட்டிவிடுவதே வழி.

மா, கொய்யா ஒட்டுக்கன்று வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒட்டுக் கட்டிய இடம் மனிதன் கட்டிய மூட்டு. அது மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும், அதற்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளிவிட வேண்டும். சுண்டைக்காய்ச் செடியில் ஒட்டிய கத்தரிக்கு இது இன்னும் முக்கியம். மண் அணைக்கும்போது ஒட்டு மூடிப்போனால் மேல்செடியே வேர்விடும். பிறகு சுண்டையின் வாடல் எதிர்ப்பை நம்பிப் பயனில்லை.

மாட்டின் முழங்கால் எது?

‘பின்னங்கால் முட்டி வீங்கியிருக்கிறது’ என்று கால்நடை மருத்துவருக்கு போன் செய்தால் அவர் திரும்ப ஒரு கேள்வி கேட்பார். காரணம், மாடு விரல் நுனியில் நடக்கிற பிராணி. குளம்புதான் நகம். முன்னங்காலில் நாம் முட்டி என்று சொல்வது உண்மையில் நம் மணிக்கட்டுக்குச் சமம். பின்னங்காலின் நடுவில் பின்பக்கமாகத் துருத்தி நிற்பது முழங்கால் அல்ல, குதிகால். அசல் முழங்கால் மேலே, தொடையும் அடிவயிறும் சேரும் தோல் மடிப்பை ஒட்டி, சில்லோடு இருக்கிறது.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. சில மாடுகள் காலையில் எழுந்ததும் பின்னங்காலைப் பின்னுக்கு விறைத்து நீட்டி, குளம்பு நுனியைத் தரையில் இழுத்துக்கொண்டு போய், சட்டென்று வெட்டி இழுக்கும். முழங்கால் சில்லு மேலேறி மாட்டிக்கொள்வதால் வருவது அது. இடுப்பில்தான் கோளாறு என்று நினைத்துச் சப்பையில் சூடு போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. சூடு போட்ட இடத்தில் கோளாறே கிடையாது. சில்லை இழுத்துப் பிடிக்கும் உட்பக்க நாரைச் சிறு கீறல் வழியாக வெட்டிவிடும் அறுவை இருக்கிறது. கால்நடை மருத்துவர் செய்தால் பெரும்பாலும் மாடு எழுந்தவுடனே நடை சரியாகிவிடும்.

சப்பையிலோ தொடையிலோ தோளிலோ சதை வீங்கி, அழுத்தினால் நறநறவென்று சத்தம் கேட்டு, கடும் காய்ச்சலும் இருந்தால் அது மூட்டு வீக்கம் இல்லை, சப்பை நோய். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள நல்ல ஊட்டமான கன்றுகளையே அதிகம் பிடிக்கும். ஓரிரு நாளில் சாவு வரும். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும். மழைக்கு முன் தடுப்பூசி போட்டுவிடுவது அதைவிட நல்லது.

மூட்டு வீக்கம் உண்மையிலேயே வரும் இன்னொரு கூட்டம், பிறந்து சில நாள், சில வாரமான கன்றுகள். முட்டியும் குதிகாலும் சூடாக வீங்கி, நொண்டி, பால் குடிக்க எழுந்திருக்காது. எங்கேயோ அடிபட்டுவிட்டது என்று எண்ணெய் தடவிக்கொண்டிருப்பார்கள். நோய் நுழைந்த இடம் கால் அல்ல, தொப்புள். தாயோடு இணைந்திருந்த கொடி அறுந்த ஈர வாய் வழியாகக் கொட்டகைத் தரையின் கிருமிகள் ரத்தத்தில் கலந்து, மூட்டுகளில் போய்த் தங்குகின்றன. அப்படி வீங்கிய கன்றுக்கு ஊசி மருந்து பல நாள் தேவைப்படும், தேறினாலும் கால் விறைப்பு மிஞ்சலாம்.

தடுக்க ஆகும் செலவு மிகக் கொஞ்சம். கன்று விழுந்தவுடன் தொப்புள் கொடியை வயிற்றிலிருந்து 2.5 செ.மீ. தள்ளிச் சுத்தமான நூலால் கட்டி, கட்டுக்குக் கீழே 1 செ.மீ. விட்டுப் புது பிளேடால் வெட்டி, வெட்டிய முனையை டிங்சர் அயோடினில் முக்கி எடுக்க வேண்டும். கொடி காய்ந்து சுருங்கும்வரை தினமும் அயோடின் தடவி, கன்றைக் காய்ந்த வைக்கோலின் மேல் படுக்கவைக்க வேண்டும். சினைமாடு உள்ள வீட்டில் அந்தப் பாட்டிலை ஒன்பதாம் மாதமே வாங்கி வைத்துவிடுங்கள். மாடு ஈனுவது பெரும்பாலும் மருந்துக்கடை மூடிய பிறகுதான்.